நிற்கத் தெரியாத நிரல்

கணினி நிரல் எழுத வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதிய பத்து வரியை இன்னொருவர் படித்து, இரண்டு கேள்வி கேட்டு, தலையாட்டிய பிறகுதான் அது வெளியே போகிறது. சில நேரம் அந்தக் கேள்விகள் எரிச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் என் நிரலைப் படிக்கக்கூடிய இன்னொரு ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அடுத்து, மாடிப்படிக்குக் கீழே, ஒரு சின்ன அறை. ஒரு யூனிக்ஸ் கணினி, ஒரு மேசை, ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி போட இடமும் இல்லை, தேவையும் வரவில்லை. கணினிக்காக ஏசி வைத்திருந்தார்கள். அதனால் என்னை 'ஏசி ரூம் அம்மணி' என்பார்கள். பெயர் தெரிந்தவர்கள் சிலர்தான். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அமெரிக்கா போய்விட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிவைத்துப் போன நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஓடியது. ஒருநாளும் நிற்காது.

அந்த நிரல் செய்தது இதுதான். இரத்தத்தைச் சோதிக்கும் கருவியிலிருந்து ஒரு கேபிள் வழியாக எண்கள் வரும். நிரல் அவற்றை நோயாளி வாரியாகப் பிரித்து அச்சுக்கு அனுப்பும். ஓர் எண் இயல்பான எல்லையைத் தாண்டியிருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அந்த வரியைத் தடித்த எழுத்தில் அடிக்கும். எல்லைகள் தனியாக ஒரு கோப்பில் இருந்தன. ஆய்வகத்தில் சோதனைக்குக் கலக்கும் மருந்து கிட் மாறும்போதெல்லாம் எல்லையும் மாறும். அதற்காக ஒவ்வொரு தடவையும் முழு நிரலிலும் கைவைக்க வேண்டாம் என்று அவர் அப்படிப் பிரித்திருந்தார். நல்ல யோசனை. இன்றைக்கு எழுதினாலும் நானும் அப்படித்தான் செய்வேன்.

பிரின்டர் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பழைய டாட் மேட்ரிக்ஸ். தடித்த எழுத்து என்றால் அதே வரியின் மேல் அச்சுத்தலை இரண்டாவது தடவை ஓடும். சாதாரண வரிக்கு ஓர் இழுப்பு, நட்சத்திர வரிக்கு இரட்டை இழுப்பு. நாள் முழுவதும் எனக்குப் பேச்சுத்துணை அந்தச் சத்தம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஹாரன் சத்தத்தை வைத்து எந்த பஸ் என்று சொல்வதில்லையா, அதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் ஒரு கல்யாணம். அதுதான் என் சொந்த ஊர். சனிக்கிழமையே போய்விட்டு, திங்கட்கிழமை காலை பஸ் பிடித்து நேராக வேலைக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. ஏசி ஓடுகிறது. கணினி ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பிரின்டரும் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இரட்டை இழுப்பு ஒன்றுகூட வரவில்லை.

எழுந்துபோய்ப் பார்த்தேன். மடிந்து மடிந்து விழுந்துகிடந்த தாள்களைப் புரட்டினேன். ஒரு நட்சத்திரமும் இல்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் சர்க்கரை முந்நூறுக்கு மேலே இருந்தால் அது இயல்பு இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் காபி விற்றவருக்கும் தெரியும். அப்படி ஒரு தாள் என் கையிலேயே இருந்தது. பக்கத்தில் வெறும் வெள்ளை.

எல்லைக் கோப்பைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை கருவிக் கம்பெனியின் இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்து புது கிட் மாற்றியிருக்கிறார். புது எல்லைகளை அவரே கோப்பில் அடித்து, நிரலை மறுபடி தொடங்கிவிட்டுப் போயிருக்கிறார். ஓரிடத்தில் மேற்கோள் குறியை மூட விட்டுவிட்டார். அவ்வளவுதான். ஒரு குறி போனால் பெர்லுக்கு அந்தக் கோப்பு முழுவதும் போச்சு.

அப்படியானால் நிரல் நின்றிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். முன்னவர் அந்தக் கோப்பை 'டூ' என்ற கட்டளையால் அழைத்திருந்தார். டூவின் குணம் உங்களுக்குத் தெரியும். கோப்பு கிடைக்காவிட்டாலும் சரி, கிடைத்து அதில் பிழை இருந்தாலும் சரி, என்ன ஆயிற்று என்பதை ஒரு மூலையில் குறித்துவைத்துவிட்டு வெறுங்கையோடு பேசாமல் திரும்பி வந்துவிடும். கடைக்கு அனுப்பிய ஆளிடம் பையை வாங்கிப் பார்ப்பது நம் வேலை. முன்னவர் பையைப் பார்க்கவில்லை. நிரல் ஓர் எல்லையும் இல்லாமல் மேலே ஓடியது. எல்லை தெரியாத பரிசோதனைக்கு நட்சத்திரம் போடாதே என்று வேறோரிடத்தில் எழுதியிருந்தார். தனியாகப் பார்த்தால் அதுவும் நியாயமான வரிதான். இரண்டும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து வந்த அத்தனை பேருக்கும் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தன.

குறியை மூடினால் சரியாகிவிடும். ஒரு விரல் வேலை. ஆனால் நான் அதைச் செய்வதற்கு முன்னால் பிரின்டரை அணைத்தேன்.

திங்கட்கிழமை காலை. கூடம் நிறையக் கூட்டம். ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலில் சத்தம் கிளம்பியது. நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் வந்தார். முதலாளி வீட்டுக்கு நெருங்கிய சொந்தம். மரியாதையாகத்தான் பேசுவார்.

"ஏனுங்க அம்மணி, எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கறீங்க? அங்க சனம் நிக்குதுங்க."

சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப சரி பண்ணிப்போட முடியுமுங்களா?"

"முடியுமுங்க. ஆனா நேத்து போன ரிப்போர்ட்டெல்லாம்…"

"நம்பர் சரியாத்தானே இருக்குது? டாக்டருங்க நம்பரைப் பாக்காம இருப்பாங்களா? நீங்க சரி பண்ணிப்போட்டு ஓட விடுங்க. நேத்துப் போனது போனதுதானுங்க. வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு என்னாகறது?"

இந்த இடத்தில் உங்களை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். இதுபோல ஒருவர் உங்கள் முன்னால் ஒருநாள் வந்து நிற்பார். கெட்டவராக இருக்கமாட்டார். அவர் சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கும். எண்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் நெரிசலில் உட்கார்ந்திருக்கும் டியூட்டி டாக்டர் தாளில் முதலில் தேடுவது நட்சத்திரத்தைத்தான். அதற்குப் பழக்கிவிட்டதே நம் நிரல்தான். பழுதைச் சரிசெய்வது ஒரு வேலை. பழுதோடு வெளியே போனதைத் திரும்ப அழைப்பது வேறொரு வேலை. முதலாவதற்குக் கைதட்டுவார்கள். இரண்டாவதற்கு யாரும் கூட வரமாட்டார்கள். யாரிடமாவது கேட்கலாம் என்று அன்றைக்கு நானும் தேடினேன். யாரைக் கேட்பது? நான் சொல்வது புரியக்கூடிய ஒரே ஆள் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"லேப் டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டு வந்து ஓட விடறேனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மேனேஜர் பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

ஆய்வகத்தின் தலைமை மருத்துவர் அதிகம் பேசாதவர். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அவருடைய கையெழுத்து இருக்கும். கட்டுக்கட்டாக வரும் தாள்களில் நட்சத்திரம் உள்ளதை மட்டும் நிறுத்திப் படித்துவிட்டு, மற்றதில் விறுவிறுவென்று கையெழுத்துப் போடுவார். நான் சொல்லி முடித்ததும் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நேத்து மத்தியானத்துல இருந்து எல்லாத்துலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க" என்றார்.

அவரும் மேனேஜர் சொன்னதையே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பழசையெல்லாம் மறுபடி ஓட்டிப் பாக்க முடியுமுங்களா?"

"முடியுமுங்க. நம்பரெல்லாம் பத்திரமா இருக்குதுங்க."

குறியை மூடி, பிரின்டரைப் போட்டுவிட்டு ஓட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரட்டை இழுப்புகள் தொடங்கின. அத்தனை நாளாகத் துணையாக இருந்த சத்தத்தை அன்றைக்கு ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினேன். டாக்டர் தாள்களைப் படித்துக்கொண்டே வார்டு வார்டாக போன் செய்தார். பெரும்பாலும் உள்ளேயே படுத்திருந்தவர்கள். இரண்டு பேருக்கு அங்கேயே மருந்தை மாற்றினார்கள். கடைசியில் ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

குப்புசாமி. அன்னூர் தாண்டி ஓர் ஊர். ஞாயிற்றுக்கிழமை உடம்பு அசதி என்று வந்தவர். இரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகம். ரிப்போர்ட்டில் நட்சத்திரம் இல்லாததால் சத்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும்தான். போன் இல்லை.

"இது எந்நேரமும் நெஞ்ச நிறுத்திப்போடுமுங்க" என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸ் அனுப்ப மேனேஜர் சம்மதிக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஊருக்குள் போனால் ஊரே கேட்கும் என்றார். டாக்டர் அவரிடம் வாதாடி நேரத்தைக் கழிக்காமல் தன் கார்ச் சாவியை டிரைவரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் எல்லோரும் மறுபரிசோதனையில் இருந்தார்கள். அவராலும் அந்த இடத்தை விட்டு வர முடியாது. அந்தக் கூடத்தில் கை சும்மா இருந்தவள் நான் ஒருத்திதான்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வந்துருங்க."

அன்னூர் வரைக்கும் டிரைவர் எங்கேயும் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் மூன்று இடத்தில் விசாரித்தோம். குப்புசாமி தோட்டத்தில் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கென்னுங்க? நல்லாத்தானே இருக்கறேன்" என்றார். "மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு இப்பத்தானுங்க வந்துச்சு. கரண்டு போனதுக்கப்புறம் பொழுதோட வாரேன், நீங்க போங்க."

"அவ்வளவு நேரம் இல்லீங்க. இப்பவே வரோணுமுங்க."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க."

"நர்சுங்களா?"

"இல்லீங்க. அங்க கம்ப்யூட்டர் வேலைங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்வெட்டியை மாற்றிப் பிடித்து அடுத்த மடையைத் திறக்கக் குனிந்தார். காரில் வரும்போது நான் கோத்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"உங்களுக்கு ஆபத்து இருக்குதுங்க. அது நேத்தே மெஷினுக்குத் தெரியும். ரிப்போர்ட்ல அதுக்கொரு குறி விழுந்திருக்கோணும். எங்க கம்ப்யூட்டர்ல கோளாறாகி அந்தக் குறி விழுகலீங்க. அதனாலதான் உங்கள ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. தப்பு எங்களுதுங்க."

அவர் நிமிரவில்லை. வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பேசினார்.

"காத்தால எந்திரிக்கறப்ப கால் ரெண்டும் தூக்க முடியலீன்னு சொன்னீங்கல்ல?"

"அது மரத்துப்போனது."

அந்த அம்மா மோட்டார் ரூமுக்கு நடந்துபோய் சுவிட்சை இறக்கினார். சத்தம் அடங்கியது. வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் இளைத்து நின்றது. குப்புசாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். கார் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார். சிறுநீரகத்தில் கோளாறு. நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். சில நாள் கழித்து வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போகும்போது அவருக்கு என்னைத் தேட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. எங்களுடைய தப்புக்கு அவர் நன்றி சொல்ல வேண்டுமா என்ன?

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கோப்பை அழைக்கும் அந்த ஒரு வரியோடு தனியாக உட்கார்ந்தேன். டூவை எடுத்துவிட்டு 'ரிக்வயர்' போட்டேன். கோப்பு கிடைக்காவிட்டால், அதில் பிழை இருந்தால், ரிக்வயர் நிரலையே நிறுத்திவிடும். கோப்பின் கடைசி வரியில் ஒரு 'ஒன்று' இருக்க வேண்டும் என்றும் கேட்கும். உங்களில் பலருக்கு அந்த ஒன்று வேடிக்கையாக இருக்கும். எனக்கு அது, 'என்னைக் கடைசி வரி வரைக்கும் படித்தாயிற்று' என்று கோப்பு சொல்லும் சொல். கோப்பின் முழுப் பாதையையும் எழுதினேன். ஏனென்றால் தேடியபோது அதே பெயரில் பழைய எல்லைகளோடு இன்னொரு கோப்பு வேறோர் இடத்தில் கிடந்தது. பெயரை மட்டும் சொன்னால், பெர்ல் தேடிப்போகும் இடங்களில் நாம் நிற்கும் இடமும், அதாவது நிரலைத் தொடங்கும் கோப்புறையும், ஒன்று. யாராவது பழைய கோப்பு கிடந்த இடத்திலிருந்து நிரலைத் தொடங்கியிருந்தால் அந்தப் பழையதைத்தான் எடுத்திருக்கும், அதுவும் சத்தமில்லாமல். உள்ளே வந்த எல்லைகள் எல்லாப் பரிசோதனைக்கும் இருக்கின்றனவா என்று ஒரு சோதனையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் 'டை', அதாவது செத்துப்போ. வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத சொல்லை நிரலிடம் மனமாரச் சொன்னேன்.

இதையெல்லாம் செய்து முடித்த அன்று யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. ஆய்வகத்துப் பெண்கள் என்னிடம் முன்போல் சிரிப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை என்னால் அவர்களுக்கு இரட்டை வேலை. மேனேஜர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பேசிக்கொண்டே போனார். டாக்டர் இப்போது ஒவ்வொரு தாளையும் முழுதாகப் படித்தார். அவருக்குத் தலைநிமிர நேரமில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, திரையில் அந்த வரியைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் திடீரென்று கரண்டு போனது. யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. கரண்டு வந்து கணினி எழுந்தபோது நிரல் எழவில்லை. எல்லைக் கோப்பு உண்மை மதிப்பைத் திருப்பித் தரவில்லை, அதாவது அந்த 'ஒன்று' வரவில்லை என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. திறந்து பார்த்தால், கரண்டு போன வேகத்தில் கோப்பு காலியாகியிருந்தது. பெயர் இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்து இல்லை. பழைய டூவாக இருந்திருந்தால் காலிக் கோப்பைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, நட்சத்திரமே இல்லாமல் அன்று முழுவதும் அடித்துத் தள்ளியிருக்கும்.

பிளாப்பியில் பிரதி வைத்திருந்தேன். எடுத்துப் போட்டு, டாக்டரிடம் காட்டி எல்லைகளைச் சரிபார்த்து, மறுபடி தொடங்கும் வரைக்கும் ஜன்னலில் கூட்டம் நின்றது. மேனேஜர் வந்தார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"அந்தப் பழைய தம்பி இருந்த வரைக்கும் ஒருநாளாச்சும் இது நின்னிருக்குதுங்களா? நீங்க வந்து கையை வெச்சீங்க, இப்பிடி நின்னு நின்னு போகுது!"

அவர் சொன்னது உண்மை. அந்தத் தம்பியின் காலத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை. என்ன சொன்னாலும் அந்தக் கூடத்தில் அது சாக்குப்போக்காகத்தான் கேட்டிருக்கும். பிரின்டர் ஓடத் தொடங்கியதும் கூட்டம் என்னை மறந்துவிட்டது.

உங்களுக்கும் இது நடக்கும். வாய் மூடிக்கொண்டு தப்பாக ஓடும் நிரலை எல்லோரும் மெச்சுவார்கள். தனக்குத் தெரியாது என்று சொல்லி நின்றுவிடும் நிரலுக்கு நீங்கள் திட்டு வாங்குவீர்கள். திட்டு வாங்குங்கள். தடுத்த விபத்துக்குச் சாட்சி கிடையாது. நடக்காததை யாருக்கும் காட்ட முடியாது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில், நான் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போகாமல் எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டில் போன் இல்லை. காங்கேயத்தில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, காத்திருந்தேன். அம்மா ஓடிவந்த மூச்சு முதலில் கேட்டது.

"என்ன கண்ணு, இந்நேரத்துல? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்மா. இன்னைக்கு இங்க ஒண்ணுமே ஆகல. அதச் சொல்லலாம்னுதான் கூப்புட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ என்னவென்று கேட்பதும், அம்மா ஒன்றுமில்லை என்று சொல்வதும் கேட்டது.

"ஒண்ணும் ஆகலீன்னா எதுக்கு கண்ணு போன் பண்றே?" என்றார். "அடுத்தவங்க ஊட்டு போனு. வெச்சுரு. போயி நேரத்துல சாப்புடு."

"சரிங்மா" என்றேன்.